மஞ்சள் விளிம்பு

ஜூன் 11, புதன்

புல்லில் நான்காவது திட்டு. கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையின் ஓரமாக, சாப்பாட்டு மேஜை அகலத்துக்குப் பழுப்பு. போன வாரம் தட்டு அளவுதான் இருந்தது. இரண்டு வேளையும் தண்ணீர் விட்டேன். காய்கிற இடம் காய்ந்துகொண்டேதான் இருக்கிறது.

ஹோயட் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே இருக்கிறார். மார்ச்சில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை வேலைக்கு ஆகாது. பேச்சு ஏழெட்டு வார்த்தைதான். ஆனால் கண் போகவில்லை. முப்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் வெட்டிய புல். என் பிறந்தநாளை மறந்திருக்கிறார், உரம் போடும் நாளை மறந்ததே இல்லை. இப்போது அதை என் தலையில் கட்டிவிட்டு, நான் எப்படிக் கெடுக்கிறேன் என்று வேடிக்கை பார்க்கிறார்.

இப்படி எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

ஜூன் 14, சனி

குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம். "அன்புள்ள அயலாரே" என்று தொடங்கி, முப்பது நாள் கெடுவில் முடிகிறது. முன்புறப் புல்லைச் சரிசெய்யாவிட்டால் அவர்களே பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டு, செலவை எங்களிடம் வாங்குவார்களாம். கீழே தலைவி கோர்ட்னி வான்லூவின் கையெழுத்து, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

மார்ச்சில் இதே வாசலில் நாற்பது நிமிடம் ஆம்புலன்ஸ் நின்றது. அன்றைக்குச் சங்கத்தில் யாருக்கும் எங்கள் வீட்டு எண் தெரியவில்லை. புல்லுக்கு உடம்பு சரியில்லை என்றதும் தெரிந்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

மருந்தடிக்கிற கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தான். சட்டையில் ட்ரேசன் என்று பெயர். வண்டியை விட்டு இறங்கும் முன்னே நோய் கண்டுபிடித்துவிட்டான்.

"வேர்ப்புழு, மேடம். இந்த ஏரியா பூரா அதான்."

"தோண்டிப் பாக்க வேணாமா?"

"பாத்தாலே தெரியும் மேடம். தினம் முப்பது வீடு பாக்குறேன்."

முப்பது வீடு. அதனால்தான் இறங்காமலே தெரிகிறது போலிருக்கிறது. புல் முழுக்க அடித்தான், கூடவே உரமும் தூவினான், மருந்தடித்த அடையாளமாகச் சின்னக் கொடி ஒன்றை நட்டுவிட்டுப் போனான். மொத்தம் பதினொரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

ஜூன் 23, திங்கள்

சாயங்காலம் ஐந்துக்கு ஆர்வில் வந்தார், வழக்கம்போல. எதிர்வீட்டு ஆர்வில் மேபின். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி ஜெனீவா உயிரோடு இல்லை, ஒரு கிழட்டு நாய் உண்டு. நாயின் பெயர் கம்போ. ஹோயட் நாற்காலியை முன்கதவுக்கு வெளியே தள்ளி வைப்பேன். ஆர்வில் படியில் உட்கார்ந்து எந்தச் சாலையில் எந்த வருடம் டயர் வெடித்தது என்று பேசிக்கொண்டிருப்பார். ஹோயட் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆர்வில் எதிர்பார்ப்பதும் இல்லை.

இன்று நாய் முழங்காலில் தலையை வைத்ததும் ஹோயட் "ம்போ" என்றார். தெளிவாக. இரண்டு தடவை.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் ஆறு வாரமாக என் பெயரைச் சொல்ல வைக்கப் பார்க்கிறாள். வரவில்லை. நாயின் பெயர் வருகிறது.

சந்தோஷப்பட வேண்டும். துடைக்கிற துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். போகும்போது அந்த நாய் தபால் பெட்டிக் கம்பத்தருகே காலைத் தூக்கியது. அங்கேயும் ஒரு திட்டு இருக்கிறது.

ஜூலை 5, சனி

இரண்டாவது தடவை மருந்தடித்தாயிற்று. ஏழு திட்டுகள். முதல் நான்கில் இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன.

நேற்று சுதந்திர தினம், ஊரே வெடி வெடித்தது. ஹோயட் ஒவ்வொரு சத்தத்துக்கும் அதிர்ந்தார். காதைப் பொத்திவிட்டபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். காலையில் திரையை விலக்கினால் கம்போ எங்கள் புல்லின் நட்டநடுவே நிற்கிறது, காலைத் தூக்கிக்கொண்டு. ஆர்வில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்.

ஜன்னல் வழியாகப் படம் எடுத்தேன். சங்கத்துக்கு அனுப்பினேன். "இந்த நாய்தான் காரணம். என் பெயரை வெளியிட வேண்டாம்." அவ்வளவுதான் எழுதினேன். அனுப்பும்போது நல்லா இருந்துச்சு. அதையும் எழுதிவைக்கிறேன் — நல்லா இருந்துச்சு.

ஜூலை 6, ஞாயிறு

அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஜூலை 12, சனி

நான்கு நாளாக ஆர்வில் வரவில்லை. ஐந்து மணிக்கு ஹோயட் இடது கையால் கதவைக் காட்டுகிறார். வெளியே கொண்டுபோய் உட்கார வைத்தேன். ஆறரை வரை உட்கார்ந்திருந்தார். கொசு கடிக்கிறது என்று உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். நாற்காலிச் சக்கரத்தைக் காலால் அழுத்தினார், வரமாட்டேன் என்பதுபோல.

ஜூலை 16, புதன்

ஜாக்சன்வில்லிலிருந்து ஆர்விலின் மகள் வந்திருந்தாள். கம்போவின் படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், தீவன மூட்டை எல்லாம் அவள் காரின் பின்பக்கம் ஏறின. கடைசியாக நாய். தானாக ஏறத் தெம்பில்லை. ஆர்வில் தூக்கி வைத்தார். கார் திரும்பும் வரை தெருவில் நின்றார். எங்கள் வீட்டுப் பக்கம் தலை திரும்பவே இல்லை.

நான் நாயை ஊரை விட்டு அனுப்பச் சொல்லவில்லையே. கயிற்றை இழுத்துப் பிடித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அதைக்கூட அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஹோயட் கேட்டார்: "ம்போ?"

கேள்வியாகக் கேட்டார். மார்ச்சுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு. நாய்க்கு ஆகாது" என்றேன்.

ஜூலை 28, திங்கள்

ட்ரேசன் மூன்றாவது தடவை வந்து அடித்துவிட்டுப் போனான். நாய் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

திட்டு ஜன்னலுக்குக் கீழ் வரை வந்துவிட்டது. கம்போ ஒருநாளும் காலெடுத்து வைக்காத இடம். மாலை அதன் ஓரத்தில் நின்று பார்த்தேன். நடுவில் பழுப்பு, அதைச் சுற்றி மஞ்சள், அப்புறம் பச்சை. மஞ்சள் நேற்று இருந்த இடத்தைத் தாண்டி வந்திருக்கிறது.

நாய் ஜாக்சன்வில்லில் இருக்கிறது. என்னையே கேட்டுக்கொண்டேன்: அப்போ இங்க யாருடி வந்து போறது, வில்மா? சொல்லு.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஹோயட் தூங்கும் நேரத்தில் மாவட்ட விவசாய அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மாதம் முன்னே போயிருக்க வேண்டிய இடம். மேஜைக்குப் பின்னால் ப்ரையனி என்று ஒருத்தி. முழங்கை வரை பச்சை குத்தியிருந்தாள், எல்லாம் வண்டும் தட்டானும். நான் கொண்டுபோன புல்லைத் தொடக்கூட இல்லை, முதலில் கேள்விதான் கேட்டாள்.

"கைல புடிச்சு இழுத்தா புல்லு பாய் மாதிரி சுருட்டிக்கிட்டு வருதா?"

"இல்ல. கெட்டியா இருக்கு."

"அப்ப வேர்ப்புழு இல்ல. அது வேரத் தின்னுடும், புல்லு கையோட வந்துடும். மண்ணு பொதபொதன்னு, எறும்பு வளை மாதிரி மேடு தட்டியிருக்கா?"

"இல்ல."

"பிள்ளைப்பூச்சியும் இல்ல. காஞ்ச இடம் நல்லா வெயில் அடிக்கிற இடமா? சிமெண்டு ஓரமா?"

"ஆமா. அங்கதான் ஆரம்பிச்சது." அப்புறம் கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம். "நாய் மூத்திரத்தால ஆகுமா?"

"ஆகும். ஆனா நடுவுல கருகி, சுத்தி கரும்பச்சையா வளையம் கட்டும். ஓரத்துக்கு அது உரம் மாதிரி. ஒரு தட்டு அளவுல நின்னுடும், பரவாது. உங்களோடது ஓரம் என்ன கலரு?"

"மஞ்சள்."

"அப்ப நாய் இல்லங்க." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "வீட்டுல பெரிய காப்பி டின் இருக்கா?"

காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஞ்சு கேள்வி. அஞ்சே அஞ்சு. புல்லைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள். நான் தினமும் பார்த்தேன், ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை. ஆள் வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காப்பி டின்னின் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தேன். மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் மண்ணுக்குள் மூன்று விரல் ஆழம் இறங்கும்வரை சுத்தியலால் அடித்தேன். நிரம்பத் தண்ணீர் விட்டேன். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தாள், ஐந்து நிமிடம்.

மூன்றாவது நிமிடத்தில் மேலே வந்தன. அரிசியில் பாதி அளவுகூட இல்லை. கறுப்பு உடம்பு, முதுகில் மடித்த வெள்ளை இறக்கை. கூடவே குஞ்சுகள், செங்கல் நிறத்தில், இடுப்பில் வெள்ளைக் கோடு கட்டிக்கொண்டு. ஒன்று, ஐந்து, பன்னிரண்டு — நாற்பத்தொன்று வரை எண்ணினேன். ஒரு காப்பி டின்னில் நாற்பத்தொன்று. முழுப் புல்லுக்கும் கணக்குப் போடப் பிடிக்கவில்லை.

ப்ரையனி சொன்ன சிஞ்ச் பூச்சி. புல்லின் தண்டில் வாயைக் குத்தி உறிஞ்சி, அந்தப் புல் செத்ததும் பக்கத்துப் புல்லுக்குப் போகும். அதனால்தான் ஓரம் மஞ்சள். இரண்டு மாதமாக என் காலுக்குக் கீழேயே இருந்திருக்கின்றன. நான் குனியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கொஞ்சம் பூச்சியை ஊசிமருந்து பாட்டிலில் சாராயம் விட்டுப் போட்டு ப்ரையனியிடம் காட்டினேன். அதுவேதான் என்றாள். ட்ரேசன் அடித்த மருந்தின் பெயரைச் சொன்னதும் பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள்.

"வருஷக்கணக்கா இதையே அடிச்சு அடிச்சு இதுங்களுக்குப் பழகிப்போச்சு. தண்ணி தெளிச்ச மாதிரிதான். இதுங்களப் புடிச்சுத் தின்னுற நல்ல பூச்சிங்கதான் செத்திருக்கும். உரம் வேற போட்டானா?"

"மூணு தடவை."

"பூச்சிக்கு விருந்து வெச்சிருக்காரு."

வீட்டுக்கு வந்து கம்பெனிக்குப் போன் செய்தேன். ட்ரேசனையே பிடித்தேன்.

"மேடம், அப்ப நாலாவது தடவை ஸ்பெஷலா அடிச்சுடலாம்—"

"நீ இந்தப் புல்லுல ஒரு தடவையாவது முட்டி போட்டியா?"

"மேடம், எங்களுக்கு ஒரு நாளைக்கு முப்பது வீடு—"

"இனிமே இருபத்தொம்போது."

வைத்துவிட்டேன். பத்து நிமிடம் நன்றாக இருந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். அவனாவது வண்டியில் இருந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். நான் ஜன்னலில் இருந்து.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஹோயட்டைப் படுக்க வைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்ற அவர் நாற்காலியின் மெத்தையைத் தட்டிப் போட்டேன். கால் வலி. அதிலேயே உட்கார்ந்தேன். மார்ச்சிலிருந்து ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை.

அங்கிருந்து புல் தெரியவில்லை.

நாற்காலி தாழ்வு, ஜன்னல் கட்டை மறைக்கிறது. எக்கிப் பார்த்தாலும் ஒரு இதழ் புல்கூடத் தெரியாது. தெரிவது தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் ஆர்விலின் முன்கதவு. அது மட்டும்தான்.

இத்தனை மாதமாக அவர் என்னைக் குறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேனே.

ஆகஸ்ட் 9, சனி

தெருவைக் கடந்தேன். பேச்சுப் பயிற்சிப் பெண் ஹோயட்டோடு இருந்த அரை மணி நேரத்தில்.

கதவைத் திறந்த ஆர்வில், "மிசஸ் ஸ்டக்கி" என்றார். இருபத்திரண்டு வருடமாக நான் அவருக்கு மிஸ் வில்மா.

"சங்கத்துல புகார் குடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்தார். நான் எடுத்த படத்தை அதில் அச்சடித்திருந்தார்கள். கம்போவின் முதுகுக்கு மேலே, மங்கலாக, எங்கள் ஜன்னல் வலையில் நீல நூலால் போட்ட தையல்.

"அந்த வலைய ஹோயட் தெச்சப்போ ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு நெனச்சீங்க?"

காப்பி டின், நாற்பத்தொன்று, மஞ்சள் விளிம்பு என்று ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டு முடித்தார்.

"அப்ப பூச்சி கெடைக்கலேன்னா இன்னிக்கு வந்திருக்க மாட்டீங்க."

"ஆர்வில்—"

"இந்தத் தெரு எத்தன அடி இருக்கும்? தாண்டி வந்து, 'ஆர்வில், உங்க நாயைக் கட்டி வைங்க'ன்னு ஒரு வார்த்தை. கட்டியிருப்பேன். எனக்கு வேலி இல்ல, அந்தக் கிழத்துக்குக் காலும் இல்ல. சங்கத்துல சொன்ன மாதிரி எங்கயும் நிக்காம தெருக்கோடி வரைக்கும் எப்படிக் கூட்டிட்டுப் போறது? அதான் அனுப்பிட்டேன்."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. "மார்ச்சுலேர்ந்து நான் ஒருத்தியா அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிக்கிட்டு — எனக்கு எப்படி இருக்கும்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியும்" என்றார். "ஜெனீவா மூணு வருஷம் படுத்திருந்தா. எனக்குத் தெரியும். அதுக்கு நாய் என்ன பண்ணும்?"

திரும்பி நடந்தேன். பாதித் தெருவில் அவர் குரல்.

"தினம் அஞ்சு மணிக்கு ஷூ மாட்டுறேன். அவனைப் பாக்கணும்னு. உங்க படியில ஏற மனசு வர மாட்டேங்குது."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நீச்சல் குளத்துக் கட்டடத்தில் சங்கக் கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். என் முறை வந்ததும் பூச்சிப் பாட்டிலைக் கோர்ட்னி வான்லூவின் முன்னால் வைத்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"மிஸ்டர் மேபினுக்கு நீங்க அனுப்புன நோட்டீஸ் தப்பு. அதைத் திரும்ப எடுக்கணும். தப்புன்னு எழுத்துல போடணும்."

"புகார் வந்தா நாங்க நடவடிக்கை எடுக்கத்தான் செய்யணும், வில்மா. யார் குடுத்தாங்கன்னு வெளில சொல்றதுக்கு விதி இல்ல, அதனால இத இங்க பேச வேணாமே." சிரித்துக்கொண்டே சொன்னாள். கடிதத்தில் போடுகிற அதே சிரிப்பு.

"நான் சொல்றேன். நான்தான். வில்மா ஸ்டக்கி. ஒரு படத்த அனுப்புனேன், நீங்க ஒருத்தர்கூட வந்து பாக்கல. நானும் பாக்கல. எழுதிக்கோங்க."

முகம் எரிந்தது. யாரோ என் பின்னால் நாற்காலியை நகர்த்தினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், "எங்க வீட்டுலயும் ஓரம் மஞ்சளாதான் இருக்கு. அத இங்க குடுங்க பாப்போம்" என்றார். பாட்டில் கை மாறிப் போனது. கோர்ட்னி மணியைத் தட்டினாள். யாரும் கவனிக்கவில்லை.

நோட்டீஸை ரத்து செய்தார்கள். ஜூலையிலேயே முடிந்துபோன என் கெடுவை இன்னும் இரண்டு மாதம் நீட்டினார்கள். ஆர்வில் வந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

வேறு வகை மருந்து. திட்டுகளிலும் அதன் ஓரத்தில் இரண்டடியும் மட்டும் அடித்தேன், நானே, முட்டி போட்டு. மற்ற இடத்தைத் தொடவில்லை. நல்ல பூச்சிகள் மிச்சம் இருந்தால் பிழைக்கட்டும். புல் வெட்டும் மெஷின் கத்தியை ஒரு கையகல உயரத்துக்கு ஏற்றினேன். உரமே கிடையாது. தண்டுக்கு அடியில் மெத்தை மாதிரி அடைந்துகிடந்த சருகை முள்கம்பால் வாரினேன். பதினோரு மூட்டை. எல்லாம் ஹோயட் ஆசையாக ஆசையாகப் போட்ட உரத்தில் வளர்ந்தது.

வாரும்போது அவரைத் திட்டினேன். சத்தமாகவே. ஜன்னல் திறந்துதான் இருந்தது. எட்டிப் பார்த்தால் சிரிக்கிறார், வாய் ஒரு பக்கமாக.

செப்டம்பர் 6, சனி

டின் வைத்துப் பார்த்தேன். ஆறு. பெரிய கண்ணுள்ள சாம்பல் பூச்சி ஒன்றும் மிதந்தது. அது இவற்றைத் தின்னும் ஜாதி என்று ப்ரையனி படம் காட்டியிருந்தாள். விரலில் ஏற்றிப் புல்லில் விட்டேன்.

செப்டம்பர் 20, சனி

ஹோயட் இப்போதெல்லாம் "ம்போ" சொல்வதில்லை. நானும் அந்தப் பெயரை எடுப்பதில்லை.

அக்டோபர் 4, சனி

கதவு தட்டும் சத்தம். ஆர்வில். படியில் ஏறவில்லை, கீழேயே நின்று கையை நீட்டித் தட்டினார்.

"ஹோயட் இருக்கானா?"

"எங்க போவாரு?"

அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

"கம்போ இனி இங்க வராது. சின்னப் பேத்தி அது பக்கத்துலதான் தூங்குறாளாம். நான் போய்க் கேட்டா அழுவா. அதனால கேக்கப் போறதில்ல." இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். சாக வேண்டும் போல இருந்தது. பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

"வர்ற சனிக்கிழம நான் மக வீட்டுக்குப் போறேன். அவனைக் கூட்டிட்டுப் போகட்டா?"

"ரெண்டு மணி நேரம் ஆகுமே. வழியில அவருக்கு—"

"ஜெனீவாவுக்குப் பண்ணியிருக்கேன். எல்லாம் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "வண்டியில ரெண்டு சீட்டுதான்" என்றார்.

"தெரியும், ஆர்வில்."

அக்டோபர் 11, சனி

எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். மாத்திரை, துண்டு, உறிஞ்சு குழாய், மாற்றுச் சட்டை எல்லாம் பையில் வைத்து, எது எப்போது என்று எழுதியும் கொடுத்தேன். ஆர்வில் தாளை வாசிக்காமல் பையில் செருகினார். ஹோயட்டைத் தூக்கி உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினார். நான் உதவப் போனேன். "நான் பாத்துக்குறேன், மிஸ் வில்மா" என்றார்.

வண்டி போனதும் எதுவும் செய்யத் தோன்றவில்லை. ஏழு மாதத்தில் இந்த வீட்டில் தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை. முதலில் பயம். அப்புறம் காப்பி போட்டு, சூடாக, கடைசிச் சொட்டு வரை உட்கார்ந்து குடித்தேன்.

பதினொரு மணிக்கு அழுதேன். யார் மீதும் கோபமில்லாமல் அழுது எத்தனை நாளாயிற்று.

நான்கரைக்கு வந்துவிட்டார்கள். ஆர்வில் நாற்காலியைப் படியேற்றி, உள்ளே வரை தள்ளிக்கொண்டு வந்தார். ஹோயட் களைத்துப் போயிருந்தார். கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. நீலச் சட்டை முழுக்க, மடி முழுக்க, கழுத்து மடிப்பு வரை வெள்ளையும் பழுப்புமாக நாய் மயிர். வழக்கமாக வெளியே போய் வந்ததும் சட்டையை மாற்றிவிடுவேன்.

இன்று மாற்றவில்லை. அப்படியே சாப்பாடு ஊட்டினேன்.